நண்டு கவ்வினால் நின்றுவிடும் மூச்சு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் கையெழுத்து மட்டும்தான். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. முந்தி நடந்ததும் பிந்தி நடந்ததும் இடம் மாறி வரும். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற இளம் பெண்பிள்ளை, "எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுதித் தாங்கோ அம்மா, வகுப்புக்காரருக்கு அடிக்கிற சின்னப் புத்தகத்திலை போடுவம்" என்று கேட்டபடியால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு வந்த திகைப்பு இன்னும் விட்டுப்போகவில்லை. யாருக்காவது சொன்னால் கொஞ்சம் இறங்கும் போல இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் நண்டு கழற்றுகிறவள். விடியப் படகுகள் வந்ததும் வலையைக் கரையில் குவித்துவிடுவார்கள். நாங்கள் பெண்கள் சுற்றிவர இருந்து, தங்கூசி நைலோன் வலையில் சிக்கிக் கிடக்கிற நண்டுகளை உயிரோடு, கால் முறியாமல் எடுத்துக் கூடையில் போட வேண்டும். கால் முறிந்த நண்டை வாங்குகிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். வலையையும் அறுத்துவிடக் கூடாது. சிறு வயதில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கிய வேலை இது. கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை. கரைதான் எனக்குச் சனம். அங்கே நான் கதைப்பது குறைவு. மற்றவர்கள் கதைப்பதையும் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணுவதையும் கேட்டுக்கொண்டு இருப்பேன். அது எனக்குக் காணும்.

இரண்டு கண்ணிலும் வெள்ளை படரத் தொடங்கியதும் முதலில் நான் யாருக்கும் சொல்லவில்லை. கண் தெரியாவிட்டாலும் விரல் தெரியும் என்று நினைத்தேன். ஒருநாள் நண்டின் காலைச் சுற்றியிருந்த அறுந்த கண்ணி என்று நினைத்து நல்ல வலையை அறுத்துவிட்டேன். அடுத்த நாளும் அறுத்தேன். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மனைவி என்னைக் கூப்பிட்டாள். ஏசவில்லை. அவள் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நெஞ்சு இடித்திருக்காது.

"அக்கா, கண்ணை வெட்டிப்போட்டு வாங்கோ. உங்கடை இடத்திலை ஒருத்தரையும் இருத்தமாட்டன். சோளகம் மாறுமட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு இவர் என்ன சொல்லுவாரோ தெரியாது."

சோளகம் என்றது தென்மேற்குக் காற்றுக் காலத்தை, இவர் என்றது அவளுடைய புருஷனை. எனக்கு விளங்கியது. கண் வெளிக்காவிட்டால் கரை இல்லை.

ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் நாள் தந்தார்கள். நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் மேசையில் இருந்த தாதி மிஸ் கையில் பட்டியைச் சுற்றிப் பிறஷர் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். உள்ளே இருந்து டொக்டர் வந்தார்.

"இந்தப் பிறஷரோடை கண்ணிலை கை வைக்கேலாது அம்மா. குளிசை கூட்டித் தாறம். குறைஞ்ச பிறகு வாங்கோ."

கூட்டின குளிசையைப் போட்டேன். குனிந்தால் நிலம் சுற்றியது. கிணற்றடியில் ஒருநாள் வாளியோடு சேர்ந்து நானும் சரிந்தேன். அடுத்த தவணைக்குப் போனேன். பட்டியைச் சுற்றினார்கள். பிறஷர் முன்னையதைவிடக் கூட. திரும்பவும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை டொக்டர் சொன்னார், வெண்படலம் நல்லாக முற்றிவிட்டால் வெட்டுவது கஷ்டம், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று. மனதை அமைதியாக வைத்திருக்கவும் சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மனதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. 

என்னோடு இருப்பது என் தங்கச்சி. புருஷன் செத்த பிறகு என்னோடு வந்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் ஏலாது, வாய் மட்டும் நல்லாக ஏலும். நான் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, "உனக்கென்ன பிறஷர்? ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கிறேல்லை. எனக்கெல்லோ வரோணும்" என்றாள்.

உண்மையும் அதுதான். அவளுடைய பிறஷர் குழந்தைப்பிள்ளையின் பிறஷர் மாதிரி என்று கிளினிக்கில் சொல்லுவார்கள்.

அந்தக் கிழமைதான் பங்கு மண்டபத்தில் வயது போனவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் மெல்லிய உடற்பயிற்சியும் தொடங்குகிறது என்று கோயிலில் அறிவித்தார்கள். சொல்லித் தருகிற பிள்ளை தெல்லிப்பழையில் இருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். தோட்டக்காரக் குடும்பம், சைவம்.

"சைவப் பிள்ளை வந்து மூச்சு விடப் பழக்கப்போகுதோ?" என்றாள் தங்கச்சி. "சுவாமியாரிட்டைக் கேட்டனியோ?"

"சுவாமியார்தான் மண்டபத்துப் பூட்டுத் திறப்பைக் குடுத்தவர்."

"அப்ப சரி. நீயும் போ. எழுபது வயசிலை மூச்சு விடப் பழகிக்கொண்டு வா."

பகிடிக்குத்தான் சொன்னாள். பிறகு அந்தச் சொல்லை நினைத்து நான் விறைத்துப்போனேன். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதல் நாள் போனதும் எனக்குத் திரும்பி ஓடிவரலாமா என்று இருந்தது. பாய் விரித்துப் போட்டிருந்தார்கள். எல்லோரையும் நீட்டி நிமிர்ந்து படுக்கச் சொன்னாள் பிள்ளை. நான் வளர்ந்த பிறகு பிறருக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்ததே இல்லை. என்னோடு கூடப் படித்த ஒருத்தி, இப்போது நல்ல பருமன், பாயில் விழுந்து கையை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, "மெழுகுதிரி மட்டும்தான் குறை, கொளுத்துங்கோடி" என்றாள். மண்டபமே சிரித்தது. நான் சுவரோடு நின்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கதிரையில் இருந்தபடி செய்வது கஷ்டமில்லை. இரண்டு உள்ளங்காலும் நிலத்தில் படுவதைக் கவனிக்க வேண்டும். மூச்சை எடுத்துக்கொண்டு கையை மெல்ல உயர்த்த வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டு இறக்க வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். கழுத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இதற்கு ஏன் ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் பெற்றோல் எரித்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். இரண்டு மூன்று வகுப்பு அப்படியே போனது. பிறகு ஒருநாள் பிள்ளை எனக்குப் பின்னால் வந்து, முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா, கையைத் தூக்கேக்கை மூச்சை எடுக்கோணும்."

"எடுக்கிறன் பிள்ளை."

"இல்லையம்மா. நீங்கள் எடுக்கேல்லை."

"எடுத்தனான்."

"சரி, கையை இறக்குங்கோ. இப்ப விடுங்கோ."

"விட்டிட்டன்."

பிள்ளை எனக்குக் கிட்டக் குனிந்தாள். கை இன்னும் என் முதுகில்தான் இருந்தது. பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "அம்மா, நான் கை வைச்சதிலை இருந்து உங்கடை முதுகு அசையவே இல்லை. நீங்கள் மூச்சை நிப்பாட்டிக்கொண்டு இருக்கிறியள்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாய் மூடியிருந்தது, நெஞ்சு இறுகியிருந்தது. அவள் சொன்னதும், தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கினவள் மாதிரி ஒரு மூச்சு உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பருமன் கூட்டாளி திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கம். வெட்கத்தைவிடப் பயம். ஒரு மனுசி மூச்சு விடாமல் இருந்துவிட்டு, விட்டேன் என்று சொல்லுவாளா? நான் பொய் சொல்லவில்லை. விட்டேன் என்றுதான் நினைத்தேன். எழுபது வயதில் மூச்சு விடப் பழகிக்கொண்டு வா என்று தங்கச்சி பகிடிக்குச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது, விறைத்துப்போனேன்.

"எப்ப எப்ப நிக்குது எண்டு மட்டும் பாருங்கோ," என்றாள் பிள்ளை. "நிண்டாலும் பரவாயில்லை. உங்களை ஏசாதேங்கோ. பாத்தால் காணும்."

வீட்டில் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்கத் திகில் கூடியது. விரலால் தடவி ஊசியில் நூல் கோர்க்கப் பார்க்கும்போது மூச்சு இல்லை. தேத்தண்ணீரை வடித்து ஊற்றும்போது இல்லை. கறிக்கு உப்புப் போடும்போது கை சட்டிக்கு மேலே நிற்கும், மூச்சும் அதோடு நிற்கும். படலையில் யாராவது தட்டினாலும் நிற்கும். படலைச் சத்தத்துக்கு நிற்பதற்கு வேறு காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதை எழுதிக் காட்டத் தேவையில்லை. அது எனக்கு முன்னமே தெரியும். தெரியாதது மற்றதெல்லாம். சொந்த வீட்டுக் குசினிக்குள், ஒரு பயமும் இல்லாத நேரத்தில், உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்?

தங்கச்சியிடம் கேட்டேன். அவள் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உனக்கு இப்பத்தான் தெரியுமோ? கரையிலை எல்லாருக்கும் தெரியுமே. நண்டு கழட்டேக்கை நீ மூச்சு விடுறேல்லை. அம்மாவும் அப்பிடித்தான்."

"விசர்க் கதை கதையாதை."

"நான் ஏன் கதைக்கிறன்? இரு, வாறன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் போனாள். வந்தவள் சுளகைத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்து, வேறு ஏதோ கதை தொடங்கினாள், மீன்காரன் பாரையை என்ன விலை சொன்னான் என்று. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உடுப்புக்குப் போடுகிற கிளிப்பை எடுத்து என் விரலில் கவ்வவிட்டாள். நான் அசையவில்லை. சத்தமும் போடவில்லை. அவள் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, எனக்குக் கண் தெரியாது என்று, என் மற்றக் கை விரலை எடுத்துக் கண்ணாடியில் தடவினாள்.

காய்ந்திருந்தது.

"பாத்தியோ?" என்றாள். "ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிரேதத்துக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" பகிடியாகத்தான் தொடங்கினாள். பிறகு அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "அக்கா, மூச்சை விடு. காணும், விடு."

கிளிப்பை எடுத்தாள். எடுத்ததும் மூச்சு வந்தது. நான் வரச் சொல்லவில்லை. கவ்வினது விட்டதும் தானாக வந்தது.

அப்போது எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சின்னப்பிள்ளைகளை முதன்முதல் வலைக்கு முன்னால் இருத்தும்போது எங்கள் கரையில் எல்லாத் தாய்மாரும் சொல்லுவதுதான். நண்டு கவ்வினால் கையை இழுக்காதே, இழுத்தால் தசையோடு போகும். கத்தாதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இரு, அது தானாக விட்டுவிடும். அம்மா சொன்னபடியே இருப்போம், அது தானாக விடும். ஒவ்வொரு முறையும் விட்டது. பிறகு கவ்வாமலே, கவ்வப்போகிறதோ என்ற இடத்திலேயே மூச்சு நிற்கப் பழகிவிட்டது. ஒரு நண்டுக்கு ஒரு முறை என்றால், ஒரு காலையில் எத்தனை நண்டு, எத்தனை காலை. கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலை சுற்றியது. குளிசையால் இல்லை.

இன்னொன்றும் அந்த இடத்திலேயே விளங்கியது. நான் தங்கச்சியின் கையைப் பிடித்தேன்.

"ஆஸ்பத்திரியிலை பட்டி சுத்துவினமெல்லோ," என்றேன்.

"ஓம்."

"அது இறுகும். இறுகி இறுகி, பிறகு தானா விடும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். முருங்கையிலைச் சுளகு மடியில் இருந்து சரிந்ததை அவள் கவனிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் பிள்ளையிடம் சொன்னேன். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பயம். அவள் சிரிக்கவில்லை, கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்துவிட்டாள். மூச்சை அடக்கினால் பிறஷர் ஏறும் என்றாள், அது மட்டும்தான் காரணமோ என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றாள், குளிசையை ஒருநாளும் விடக்கூடாது, தவணைக்குப் போகும்போது மிஸ்ஸிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

"நான் சொல்லமாட்டன் பிள்ளை. நீர் ஒரு துண்டு எழுதித் தாரும்."

"இல்லையம்மா. நீங்கள்தான் சொல்லோணும். வாயைத் திறந்து சொன்னால் மூச்சும் வரும்."

கண்ணில் கத்தி வைப்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டில் பழகினோம். தங்கச்சி ஈரத் துவாயை என் கையில் சுற்றி முறுக்குவாள். நான் சூட்டோடு இருக்கிற ஒடியல் கூழை ஊதி ஆற்றுகிற மாதிரி, உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல விட வேண்டும். உள்ளே எடுப்பதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, விட்டால் அது தானாக வரும் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். தங்கச்சி முறுக்கிக்கொண்டே என்னை ஏசுவாள். "அந்த முறை அப்பா வாங்கித் தந்த ரிப்பனை ஒளிச்சு வைச்சது நீதானே? சொல்லு." முறுக்கு. "சின்னம்மாவிட்டைக் கோள் மூட்டினது ஆர்?" முறுக்கு. ஏசும்போதும் ஊதப் பழக வேண்டுமாம். நான் ஊதுவதைவிடச் சிரித்ததுதான் கூட. சிரித்தாலும் மூச்சு வெளியேதான் போகிறது, பரவாயில்லை என்றாள்.

மற்ற நேரங்களில் நான் தனியே செய்தேன். காலையில் முற்றம் கூட்டும்போது விளக்குமாறு போகும்போது ஒரு மூச்சு, வரும்போது ஒரு மூச்சு. உப்புப் போடும்போது உள்ளங்கால் சீமெந்தில் குளிர்வதைப் பார்ப்பேன். அது குளிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, இத்தனை வருடமும், நான் அறியவில்லை. பின்னேரத்தில் செபமாலை சொல்லும்போது, ஒரு மணி ஒரு மூச்சு என்று வைத்தேன். அது பாவமோ என்று யோசித்துவிட்டுச் சுவாமியாரிடம் கேட்டேன். "மூச்சும் அவர் தந்ததுதானே" என்றுவிட்டு அவர் போய்விட்டார். சில நாட்களில், எதிர்பாராமல், ஒரு அமைதி வந்து இருக்கும். கடல் முரலுகிற நாளில் காற்று விழுந்தால் சட்டென்று ஒன்றும் கேட்காதே, அப்படி. முதல் முறை அது வந்தபோது நான் பயந்துபோனேன். ஏதோ நடக்கப்போகிறது என்று எழுந்து படலையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அமைதி என்பது இதுதான் போல.

தவணை வந்தது. சோளகம் இன்னும் மாறவில்லை. ஆனால் மாறுகிற காலம் கிட்டிவிட்டது. அதே மேசை, அதே மிஸ். எனக்குப் பின்னால் நீட்டு வரிசை. சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மிஸ் என் கையை இழுத்துப் பட்டியைச் சுற்றினார். வாய் வரவில்லை. பட்டி இறுகியது. துவாய், கூழ், தங்கச்சி எல்லாம் மறந்துபோனது. அம்மா சொன்னது மட்டும் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. ஆடாமல் அசையாமல் இருந்தேன். பட்டி தானாக விட்டது.

மிஸ் தலையை ஆட்டினார். "கூடத்தான் நிக்குது. அடுத்தவை வாங்கோ."

எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. கரையில் என்னுடைய இடம், அந்தப் பலகை, பக்கத்தில் இருக்கிறவள் வெற்றிலை துப்புகிற சத்தம், எல்லாம் வந்தது.

"மிஸ்," என்றேன். "நான் மூச்சு விடேல்லை."

"என்ன?"

"நீங்கள் பாக்கேக்கை நான் மூச்சு விடேல்லை. நான் நண்டு கழட்டுறனான்."

"நண்டோ?" என்றார் மிஸ். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூட முடியவில்லை. கவ்வினால் மூச்சைப் பிடிப்பது, கிளிப்பு, கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அந்நியருக்கு முன்னால் அவ்வளவு கதைத்ததில்லை. மிஸ் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். பின்னால் நின்ற ஒரு ஐயா, "பிள்ளை, அந்த மனுசி சொல்லுறது சரி, எங்கடை பக்கத்துப் பெண்டுகள் எல்லாம் உப்பிடித்தான்" என்றார். அவர் பருத்தித்துறைப் பக்கத்தவர் போல இருந்தது.

மிஸ் என்னை ஒரு பக்கத்தில் கதிரையில் இருத்தினார். மற்றவர்களைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். "அம்மா, இப்ப நான் சுத்தப்போறன். நீங்கள் ஊதுங்கோ, நானும் ஊதுறன்."

பட்டி இறுகியது. மிஸ் உதட்டைக் குவித்து ஊதினார். நானும் ஊதினேன். உள்ளங்கால் எங்கே என்று தேடினேன், செருப்புக்குள் இருந்தது. பட்டி இன்னும் இறுகியது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது, அழுகை இல்லை, ஏன் ஓடியது என்று இன்றைக்கும் தெரியாது. பட்டி விட்டது.

மிஸ் பட்டியைக் கழற்றினார். மற்றக் கையில் சுற்றினார். பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த மெஷினைக் கொண்டுவந்து அதாலும் பார்த்தார். பிறகு டொக்டரைக் கூப்பிட்டார். "சேர், இதை ஒருக்காப் பாருங்கோ. பிறஷர் இறங்கி நிக்குது, நான் பிழையாப் பாத்தனோ தெரியேல்லை." அவருடைய முகமும் என்னுடையது போலத்தான் இருந்திருக்கும்.

முதலில் ஒரு கண்ணை வெட்டினார்கள். முகத்தில் துணி போட்டிருந்தது. கையில் கட்டியிருந்த பட்டி நடுவில் நடுவில் தானே இறுகித் தானே விட்டது. ஒவ்வொரு முறையும் நான் கூழ் ஆற்றினேன். "ஆர் இஞ்சை ஊதுறது?" என்று உள்ளே ஒருவர் கேட்டார். "அவவை விடுங்கோ, அவ அப்பிடித்தான்" என்றது மிஸ் ஒருவருடைய குரல்.

கட்டு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி படலைக்கு வந்து நின்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கன்னமும் வற்றி, கழுத்து நரம்பு தெரிய, தலை முழுக்க வெள்ளையாக ஒரு கிழவி நின்றாள். எனக்கு இது எப்போது நடந்தது என்று தெரியாது. புகைக்குள் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒருத்தியை.

"என்ன பாக்கிறாய்?"

"நீ கிழவியாப் போனாய்."

"நீ குமரியோ? உள்ளை போய்க் கண்ணாடியைப் பார். இந்த முறை மூச்சை விட்டிட்டுப் பார்."

டொக்டர் சொன்ன காலம் முழுவதும் வீட்டில் இருந்தேன். கண்ணுக்குத் தூசி படக்கூடாது, குனியக்கூடாது. பிறகு ஒருநாள் விடியக் கரைக்குப் போனேன். சோளகம் மாறிவிட்டது. சம்மாட்டியாரின் மனைவி சொன்ன தவணை கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் போனேன். பெண்கள் சுற்றிவர இருந்தார்கள். என் இடத்தில் பலகை மட்டும் இருந்தது, ஆள் இல்லை. சம்மாட்டியாரின் மனைவி என்னைக் கண்டதும் ஒரு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

முதல் நண்டை எடுத்தேன். நீலக்கால் நண்டு. அந்த நீலத்தைப் பார்த்தே நான் திகைத்துப்போனேன், இது இப்படி ஒரு நீலமாகவா இருந்தது? கண்ணியை விலக்கத் தொடங்கினேன். மூச்சு நிற்கப் பார்த்தது. நான் மெல்ல விட்டேன். விட்டதும் கை ஒரு மயிரிழை அசைந்தது. நண்டு பெருவிரலைக் கவ்விவிட்டது. நல்லாகக் கவ்வியது.

பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, கண் தெரியேக்கையே கடி வாங்குறியள்?" என்றாள்.

நான் இழுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. ஆனால் மூச்சைப் பிடிக்கவும் இல்லை. வலித்தது. ஊதினேன். எடுத்தேன், விட்டேன். உள்ளங்கால் ஈர மணலில் இருந்தது. நண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தேன், அதன் கண் இரண்டும் குச்சியில் நின்று என்னைப் பார்த்தன. கொஞ்ச நேரத்தில் அது பிடியைத் தளர்த்தியது. பிறகு விட்டுவிட்டது.

விரலில் இரத்தம் வந்தது. நான் அதைத் துடைக்காமல் இருந்தேன். நான் மூச்சை விட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் அது விட்டது. அம்மா சொன்னதில் அசையாமல் இருக்கச் சொன்னது சரி. மூச்சைப் பிடிக்கச் சொன்னது? அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொல்லியிருப்பாள். அவளுக்கு யார் சொன்னார்களோ. நாங்கள் எல்லோரும் இந்தக் கரையில் இருந்து, இத்தனை காலமும், தேவையில்லாமல்.  சுற்றிவரப் பார்த்தேன். புதுக் கண்ணால் நல்லாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் குனிந்திருந்தவளின் முதுகு அசையவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளின் முதுகும் அசையவில்லை.

"பிள்ளையள்," என்றேன். கரையில் நான் எல்லோரையும் ஒருமிக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "மூச்சை விட்டிட்டுக் கழட்டுங்கோ."

"ஏனக்கா, நண்டுக்கு வேர்க்குதோ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபோது எல்லா முதுகும் அசைந்தது.

இவ்வளவுதான். எனக்கு இதில் சரியாகத் தெரியாத விஷயங்கள் உண்டு. நான் கிணற்றடியில் விழுந்தது இரண்டாம் தவணைக்கு முந்தியா பிந்தியா என்று தங்கச்சி வாசித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். ரிப்பனை ஒளித்தது நானில்லை, அதையும் அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறஷர் மூச்சால்தான் ஏறியதா, கூட்டின குளிசையால்தான் இறங்கியதா என்பதை வகுப்புப் பிள்ளை விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். மற்றது, இதை வாசிக்கிறவர்களில் யாராவது பாசையூரிலோ பருத்தித்துறையிலோ நண்டு கழற்றுகிற பெண்களுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். அங்கேயும் தாய்மார் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா, மூச்சு விட்டாலும் நண்டு விடுகிறதா என்று கேட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் மூச்சை விட்டுக்கொண்டு கவ்வப்பட்டுப் பார்த்தது ஒரு நண்டிடம் மட்டும்தான்.